கடலோடியின் ஊசியும் கிப்லாவும்

பண்ணைப்புரத்தில் நின்று நோக்கினால் மேற்கே மலைத்தொடர், கடலோ தொலைவில். ஆயினும், கடலோடிகள் கையாண்ட காந்த ஊசிக்கும் இங்குத் தொழுகைக்கு நிற்போர்க்கும் நெருங்கிய தொடர்புண்டு.

புவி தானே ஒரு பெருங்காந்தம். தடையின்றிச் சுழலும் காந்த ஊசி அதற்கிணங்கி வடக்குத் தெற்காக நிற்கும். சீன அறிஞர் ஷென் குவோ 1088ஆம் ஆண்டளவிலேயே இதனை எழுதிவைத்தார். 1242இல் திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியா சென்ற கப்பலில், விண்மீன்கள் மறைந்த இரவில் மாலுமிகள் நீரில் ஊசியை மிதக்கவிட்டுத் திசையறிந்ததைத் தாம் நேரிற்கண்டதாக பைலக் அல்கிப்ஜாகீ தம் அரபு நூலில் உரைக்கிறார். இந்தியக் கடலில் செல்வோர் இரும்பு மீனை மிதக்கவிட்டனர் என்றும் குறிக்கிறார்.

அக்கருவி கரையேறிய வரலாறே நமக்கு முதன்மையானது. யமன் நாட்டு ரசூலி மரபினரான அல்அஷ்ரஃப் உமர், 1290ஆம் ஆண்டையொட்டி, அதனைச் செய்யும் முறையையும் அதைக்கொண்டு கிப்லாவை அறியும் வழியையும் எழுதினார்.

எனினும், ஊசி காட்டுவது வடக்கையே, மக்காவை அன்று. மக்காவின் திசை கணிதத்தால் பெறப்படுவது. கிப்லா என்றால் மேற்கு என்பது பேச்சு வழக்கு. கணக்கிட்டால், பண்ணைப்புரத்தில் அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 22½ பாகை வடக்கே சாய்ந்துள்ளது. காந்த வடக்கும் மெய்வடக்கும் இங்குச் சிறிதே வேறுபடும். அருகில் இரும்புக் கம்பி இருப்பின் ஊசி பெரிதும் பிறழும்.

தொலைவிலுள்ளோர்க்குக் கஅபாவின் திசைப்பக்கம் போதும் என்பது ஹனஃபி சட்ட அறிஞர் கருத்து. ஆகவே முன்னோர் கட்டிய பள்ளிகளில் நிறைவேறிய தொழுகையைக் குறைகூறுதல் தகாது. புதிய பள்ளிக்கு அடிக்கல் நாட்டுவோர், கணக்கையும் ஊசியையும் ஒருங்கே கைக்கொள்வதே அறிவுக்கு நாம் செய்யும் மரியாதை.