வெயில் நிறைந்த ஊரில் வைட்டமின் டி குறைவது ஏன்?

ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் ஊரில் வாழும் நமக்கா வைட்டமின் டி குறையப் போகிறது என்று நினைக்கிறோம். ஆனால் இடுப்பு வலி, உடம்பெல்லாம் அசதி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று மருத்துவரிடம் போகும் நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இரத்தப் பரிசோதனையில் தெரிய வருவது இந்தக் குறைபாடுதான். வயசாகிவிட்டது என்று உம்மாவின் வலியை நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைப்பது வைட்டமின் டி. அது குறைந்தால் எவ்வளவு பால் குடித்தாலும் எலும்புக்குப் போதிய கால்சியம் சேராது. குழந்தைகளுக்குக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரும். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலிக்கும், தசைகள் பலமிழக்கும்.

சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் தோலில் நேராகப் படும்போது நம் உடலே இதைத் தயாரித்துக்கொள்கிறது. கண்ணாடி ஜன்னல் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அதிகாலை இளவெயில் நல்லது என்பார்கள். இதமாக இருக்குமே தவிர அதில் இந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பலன் தரும். அஸர் நேரத்தை நிழலை வைத்துக் கணக்கிடும் நமக்கு இது எளிதில் புரியும். அஸருக்குப் பிறகு வெயிலில் நின்று பெரிய பயனில்லை.

பர்தாவைக் குறை சொல்வோர் இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. வெளியே உடலை மறைப்பவர்கள் வீட்டுக்குள் வெயில் படும் இடத்தைத் தேடிக்கொள்ளலாமே! முன்பு வீட்டுக்கு வீடு முற்றமும் கொல்லையும் இருந்தன. இன்று ஃபிளாட்டில் அதற்கு வழியில்லை என்பதே உண்மையான சிக்கல். அந்நியர் பார்வை படாத மொட்டை மாடியோ பால்கனியோ இருந்தால், பத்து மணிக்கு மேல் கை, கால்களில் வெயில் படும்படி 20 நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள் இருக்கலாம். தோல் எரியும்வரை நிற்க வேண்டாம்.

உணவில் மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்களில் இது நன்றாக உண்டு. முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம். பால் பாக்கெட்டில் கூட்டல் குறியுடன் எஃப் எழுத்து இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்த பால். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 600 அலகு. இதை உணவால் மட்டும் எட்டுவது கடினம். தாய்ப்பாலிலும் இது குறைவு என்பதால்தான் பச்சிளம் குழந்தைக்குத் தினமும் 400 அலகு சொட்டு மருந்து எழுதித் தருகிறார்கள்.

வைட்டமின் டி எல்லா நோயையும் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. தினமும் 2,000 அலகு எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை.

கடைகளில் கிடைக்கும் 60,000 அலகு மருந்து பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்று குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் தரப்படுவது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தினமும் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பரிசோதனையில் அளவு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், எத்தனை வாரம் எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.