பியானோவில் 'விர்ர்ர்' சத்தமா? டெக்னீஷியனுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இதை செக் பண்ணுங்க!

சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஆலைகளில், குவாலிட்டி பிரிவில் இருப்பவரிடம் 'பி.எஸ்.ஆர்' என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று புரிந்துகொள்வார். பஸ், ஸ்க்வீக், ராட்டில். (நாம ஏறிப் போற பஸ் இல்லீங்க!) டேஷ்போர்டு விர்ரென்று அதிர்வது, சீட் கீச்சிடுவது, கதவுக்குள் ஏதோ கடகடப்பது என காருக்குள் வரும் வேண்டாத சத்தங்களுக்குத்தான் இந்தப் பெயர். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதே அங்கு ஒரு தனி வேலை.

அதே பிரச்னை வீட்டு பியானோவிலும் வரும். ஒரு கீயைத் தட்டினால் சுத்தமான ஸ்வரத்தோடு கூடவே வண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். குழந்தைக்கு கிரேடு எக்ஸாம் நெருங்கும் நேரத்தில் இது ஆரம்பித்தால் வீட்டில் டென்ஷன்தான். சென்னையிலிருந்து டெக்னீஷியன் வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில். போதாக்குறைக்கு, "சவுண்ட்போர்டு போச்சு, வித்துடுங்க" என்று யாராவது பயமுறுத்தினால், ஆசைப்பட்டு வாங்கிய பியானோ அடிமாட்டு விலைக்குப் போய்விடும். ஆனால், இந்தச் சத்தங்களில் பல பியானோவுக்கு உள்ளேயே இல்லை என்பதுதான் உண்மை.

ஏன் வருகிறது இந்தச் சத்தம்?

88 கீ உள்ள பியானோவின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் நொடிக்கு 27.5 முறை அதிர்கிறது. மிக உயர்ந்தது சுமார் 4,186 முறை. உலகத்தில் எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் லேசான தள்ளலுக்கே உயரமாக ஆடும் இல்லையா? அதுபோல, ஒரு பொருளின் அதிர்வு வேகத்துக்குப் பொருந்தும் ஸ்வரத்தை வாசித்தால் அதுவும் சேர்ந்து அதிரும். இதுதான் ஒத்ததிர்வு. அந்தப் பொருள் லூஸாக இருந்து, பக்கத்தில் எதன்மீதாவது உரசினால் 'விர்ர்ர்'.

தம்புராவில் ஜீவாளி நூல் வைத்து இதே ரீங்காரத்தை நாம் கேட்டு வாங்குகிறோம். பியானோவில் அது அழையா விருந்தாளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் சந்தேகம் ஹால் மேல்!

பியானோவைத் திறப்பதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வழக்கமான குற்றவாளிகள் இவர்கள்தான்: பீரோவில் தொங்கும் சாவிக்கொத்து, சாமி படத்தின் கண்ணாடி, ஷோகேஸ் கதவு, ஜன்னல் கண்ணாடி, ஸ்டாண்டில் அடுக்கிய எவர்சில்வர் தட்டு, டியூப்லைட் பட்டி. பியானோ மேல் வைத்த போட்டோ ஃப்ரேம், மெட்ரோனோம், ஏன், உங்கள் மொபைல்கூட அதிரும். எனவே, முதல் வேலை, பியானோ மேல் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது.

பிறகு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சத்தம் வரும் கீயை ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். இன்னொருவர் ஹாலில் நடந்து, சந்தேகப்படும் பொருளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும். எதைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறதோ, அதுதான் ஆள். சின்ன ஃபெல்ட் துண்டோ, ரப்பர் புஷ்ஷோ வைத்தால் வேலை முடிந்தது.

ஆள் துணை இல்லையா? மொபைலில் இலவச டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணையுங்கள். பியானோவைத் தொடாமல், தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு இடத்தில் ஹாலில் ஒரு பொருள் பதில் சொல்லும். சின்ன ஸ்பீக்கர்களில் மிகத் தாழ்ந்த ஸ்வரங்கள் சரியாகக் கேட்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஹைவே ஓரத்து வீடு என்றால் இன்னொரு விஷயம். கன்டெய்னர் லாரி போகும்போதே ஜன்னல் அதிர்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அந்த ஜன்னல் பியானோவுக்கும் அதிரும். வண்டிகள் குறையும் நேரமாகப் பார்த்துச் சோதனை செய்தால் குழப்பம் இல்லை.

ஒரு கீயா, எல்லாக் கீயுமா?

ஹாலில் எதுவும் சிக்கவில்லையா? அடுத்து பியானோ. இங்கே துப்பு கொடுப்பது ஒரே கேள்விதான்: எந்தெந்தக் கீக்குச் சத்தம் வருகிறது?

பல கீகளுக்கு வந்தால், வெளிக்கூட்டில் ஏதோ லூஸ் என்று முதலில் சந்தேகப்படலாம். மேல்மூடி, அதன் கீல், நோட்ஸ் வைக்கும் தாங்கி, கீழே உள்ள சக்கரங்கள், பெடல் கம்பி ஆகியவற்றை வரிசையாக அழுத்திப் பாருங்கள். லூஸான ஸ்க்ரூவை, அதற்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக இறுக்குங்கள். முழு பலத்தையும் காட்டினால் மரத்தில் மரை வழுகிவிடும்.

ஒன்றிரண்டு கீகளுக்கு மட்டும் வந்தால், உள்ளே எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்ரைட் பியானோ என்றால் மேல்மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். முன்பக்க மேல்பலகை பெரும்பாலும் இரண்டு பக்கமும் உள்ள திருகுப் பிடிகளில் நிற்கும். கீழ்ப்பலகைக்குக் கீபோர்டின் அடியில் ஒரு ஸ்பிரிங் பட்டை இருக்கும், அதை மேலே தள்ளினால் கழன்றுவரும். பென்சில், ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், கிரேயான் எனக் காணாமல்போன சொத்தெல்லாம் அங்கே கிடைக்கலாம். நீளமான மரக்குச்சியின் நுனியில் டேப் ஒட்டி எடுக்கலாம். கம்பிகளை விரலால் தொடாதீர்கள். வியர்வை பட்டால் துரு பிடிக்கும்.

எலி எச்சமோ, பூச்சி அரித்த ஃபெல்ட்டோ தெரிந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். கம்பியை நிறுத்தும் டேம்பர் ஃபெல்ட் கெட்டியானாலும், தேய்ந்தாலும், கீயிலிருந்து கை எடுக்கும் நொடியில் 'ஜிர்' என்று கேட்கும். உச்ச ஸ்தாயியில் கடைசி ஒன்றரை ஆக்டேவ் அளவுக்கு டேம்பரே கிடையாது. அங்கே சத்தம் நீள்வது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான்.

இங்கே கை வைக்காதீங்க!

ஒரு பியானோவில் 220-க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சராசரியாக 70 கிலோ அளவுக்கு இழுவிசை. மொத்தமாகச் சேர்த்தால் பல டன். அதனால்தான் உள்ளே இரும்பு வார்ப்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள். கம்பி அறுந்தால் காயம்படும். எனவே கீழ்க்கண்டவற்றை டெக்னீஷியனிடமே விடுங்கள்.

ஒன்று, பேஸ் கம்பிகள். இவற்றின் மேல் செப்புச் சுற்று இருக்கும். அது தளர்ந்தால் அந்த ஒரு கீ மட்டும் கரகரக்கும். கம்பியைக் கழற்றி, சுற்றின் திசையிலேயே ஒரு முறுக்கு கொடுத்து மாட்டிச் சரிசெய்ய முயல்வார்கள். அப்படியும் சரியாகாவிட்டால் புதுக் கம்பி.

இரண்டு, சுத்தியல் தலையின் பசை விட்டுப்போவது. வாசிக்கும்போது 'டிக்' சத்தம் வரும்.

மூன்று, சவுண்ட்போர்டு. எல்லோரும் பயப்படும் இந்தப் பலகையில் விரிசல் விழுந்தாலே பியானோ முடிந்தது என்று அர்த்தம் இல்லை. விரிசலோடு நன்றாக ஒலிக்கும் பழைய பியானோக்கள் ஏராளம். பலகையின் பின்னால் உள்ள மரச்சட்டத்தின் பசை விட்டு, இரண்டும் ஒன்றோடொன்று உரசும்போதுதான் சத்தம் வரும். பசையும் ஸ்க்ரூவும் போட்டு அதைச் சரிசெய்ய முடியும். "சவுண்ட்போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், எந்த இடம் என்று காட்டச் சொல்லுங்கள். அங்கே அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், கீச்சிடும் இடத்தில் தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள். மரமும் ஃபெல்ட்டும் அதை உறிஞ்சி வீங்கிவிடும். சின்ன ரிப்பேர் பெரிய செலவாகிவிடும்.

டிஜிட்டல் பியானோவா?

முதலில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஹெட்போனில் சத்தம் இல்லாமல் ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், ஸ்பீக்கர் மேலோ, அதன் ஜாலி மேலோ, ஸ்டாண்டின் போல்ட் மேலோ சந்தேகப்படலாம். ஹெட்போனிலும் வந்தால் பவர் பக்கம் போங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது இணைத்தால் 'ம்ம்ம்' என்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் காரணமாக இருக்கலாம். அடாப்டரை வேறு ப்ளக்கில், எர்த் சரியாக உள்ள இடத்தில் மாட்டுங்கள். வாடகை வீடு என்றால், எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் செக் பண்ணுவது பியானோவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நல்லது.

நம்ம ஊர் ஈரம்!

பியானோவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஈரப்பதம் 40 முதல் 60 சதவிகிதம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதியில் அது சர்வசாதாரணமாக 80-ஐத் தாண்டும். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் பசை விடும், ஸ்க்ரூ தளரும். இரவில் ஏ.சி, பகலில் பூட்டிய வீட்டின் புழுக்கம் என்று மாறி மாறி வருவது இன்னும் மோசம்.

அதற்காக இந்த மண்ணுக்கும் பியானோவுக்கும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இசைக்கருவிக் கடை. அத்தனை காலமாக இந்த ஊர் வெக்கையிலும் மழையிலும் பியானோ வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளிச்சுவர், ஜன்னல் வெயில், ஏ.சி காற்று நேராகப் படும் இடம், இந்த மூன்றையும் தவிர்த்து வையுங்கள். ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனிங் செய்தால், சின்னத் தளர்வுகளும் அப்போதே கண்ணில் படும்.

கடைசியாக, போன் போடும்போது...

இவ்வளவு செய்தும் சத்தம் நிற்கவில்லையா? இப்போது டெக்னீஷியனைக் கூப்பிடலாம். எந்தக் கீ, மெதுவாக வாசித்தாலும் வருகிறதா, பெடல் அழுத்தினால் கூடுகிறதா, எப்போதிலிருந்து வருகிறது என்ற நான்கையும் எழுதி வையுங்கள். 30 விநாடி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பியானோவின் பிராண்டு, மாடல், சீரியல் நம்பரையும் சேர்த்து அனுப்பினால், தேவையான கம்பியோ ஃபெல்ட்டோ கையோடு எடுத்து வருவார். இரண்டு நடை ஒரு நடையாகும்.

செகண்ட் ஹேண்ட் பியானோ பார்க்கப் போகிறவர்களும் இதே லிஸ்ட்டை எடுத்துப் போங்கள். 88 கீயையும் ஒவ்வொன்றாக, மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை தட்டிக் கேட்ட பிறகு விலை பேசுங்கள்!