வ. வே. சு. ஐயர்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று திருச்சிராப்பள்ளி வரகனேரியில் பிறந்தார். செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பிளீடர் தேர்வில் தேறி, திருச்சியில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரங்கூன் போய், அங்கிருந்து 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றார்.

அங்கே இந்திய மாணவர் விடுதியான இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு ஏற்பட்ட நட்பு அவரைப் புரட்சிக்காரராக்கியது. தேர்வில் தேறியும், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பாரிஸ்டர் பட்டத்தை உதறினார். 1910-இல் சாவர்க்கர் கைதானபின் தாடி வளர்த்த சீக்கியராக வேடமிட்டுத் தப்பினார். பெட்டியில் இருந்த 'வி.வி.எஸ்.' என்ற எழுத்துகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒற்றனிடம், அது 'வீர் விக்ரம் சிங்' என்று சமாளித்ததாகச் சொல்வார்கள். அந்த ஆண்டே புதுச்சேரி சேர்ந்தார்.

பாரதியும் அரவிந்தரும் இருந்த அந்தப் பிரெஞ்சு ஊரில் துப்பாக்கியும் பேனாவும் சேர்ந்தே இயங்கின. கலெக்டர் ஆஷைக் கொன்ற வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் ஐயர் என்பது பரவலான செய்தி. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததும், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒன்றான 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியதும் அங்கேதான். 1920-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்து 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானார். மறு ஆண்டே சிறை. பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

1922-இல் தொடங்கி, சேரன்மாதேவியில் நிலைகொண்ட தமிழ்க் குருகுலமே அவருடைய பெருங்கனவு. காங்கிரஸ் 5,000 ரூபாய் தந்தது. ஆனால் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டது வெளியே தெரிந்ததும் காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். பெற்றோருக்குத் தந்த வாக்கு என்றார் ஐயர். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் அந்த வாக்கு எப்படிச் செல்லும் என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. காந்தி வரை பஞ்சாயத்து போயும் தீரவில்லை. 1925-இல் பொறுப்பை விட்டு விலகினார்.

அதே ஆண்டு ஜூனில், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து, அவளோடு மடிந்தார். வயது 44. யூத தேசிய இயக்கத்தை நிறுவிய தியோடர் ஹெர்சலும் சட்டம் படித்து, எழுத்தாளராகி, கனவு கைகூடுமுன் அதே வயதில்தான் இறந்தார். ஹெர்சலின் இயக்கம் அவருக்குப் பின் வளர்ந்தது. ஐயரின் குருகுலம் நிலைக்கவில்லை. சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நின்றவர் ஒரு பந்திப் பிரிவை எதிர்த்து நிற்கத் தயங்கினார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.