ஹொரைசன் மென்பொருளும் பிரித்தானிய அஞ்சலக வழக்குகளும்

ஹொரைசன் என்பது பிரித்தானிய அஞ்சலகக் கிளைகளின் கணக்குகளைப் பேணுவதற்காக 1999 ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட கணினி அமைப்பு ஆகும். இதை உருவாக்கியது ஐசிஎல் நிறுவனம். ஜப்பானின் ஃபுஜிட்சு குழுமத்தைச் சேர்ந்த அந்நிறுவனம், 2002 இல் ஃபுஜிட்சு என்றே பெயர் மாறியது. இந்த மென்பொருள் காட்டிய கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பிழையை நேரில் கண்டவர்கள் தொடக்கத்திலிருந்தே முறையிட்டும் அது ஏன் எடுபடவில்லை என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான கேள்வி.

பின்னணி

பிரித்தானியாவின் பெரும்பாலான அஞ்சலகக் கிளைகளை நடத்துவோர் துணை அஞ்சல் அதிபர்கள். இவர்கள் சம்பள ஊழியர்கள் அல்லர். தம் கடையின் ஒரு பகுதியில் ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகம் நடத்துபவர்கள். காகிதப் பேரேடு இருந்தவரை, கணக்கு இடித்தால் அவர்களே வரிவரியாகச் சரிபார்க்க முடிந்தது. ஹொரைசன் வந்தபின் திரையில் தெரிந்த தொகையைத்தான் பார்க்க முடிந்தது. அதன் பின்னால் இருந்த முழுத் தரவு அவர்கள் கைக்கு எட்டவில்லை.

பற்றாக்குறை தோன்றினால், ஒப்பந்தத்தைக் காட்டி அதை ஈடுகட்டச் சொன்னது அஞ்சலக நிறுவனம். கணக்கை ஏற்காமல் அடுத்த கணக்குக் காலத்தில் கிளையைத் திறக்க இயலாது. எனவே பலர் கைப்பணத்தைக் கட்டினர். சிலர் கணக்கு சரி என்று பதிந்தனர். அப்படிப் பதிந்ததே பின்னர் பொய்க்கணக்குக் குற்றமானது.

உதவித் தொலைபேசி

பிரிட்லிங்டன் ஊரில் கிளை நடத்திய லீ காசல்டன், 2004 இல் உதவி மையத்தை 91 முறை அழைத்தார். பற்றாக்குறை சுமார் 25,000 பவுண்டாக வளர்ந்ததே தவிர, காரணம் தெரியவில்லை. வழக்கில் தோற்ற அவர்மீது 3,21,000 பவுண்டு செலவுத்தொகை விழுந்தது, அவர் திவாலானார். ஜோ ஹாமில்டன் தொலைபேசியில் சொன்னபடி செய்துகொண்டிருந்தபோதே, அவர் கண்முன் பற்றாக்குறை இரு மடங்கானது.

இப்படி அழைத்த பலருக்குக் கிடைத்த பதில் ஒன்றே: வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. நாடெங்கும் பலர் இதையே கேட்டார்கள். ஆனால் ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது.

சட்டத்தின் நிலை

கணினிச் சான்றை ஏற்குமுன் அக்கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தின் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69 ஆம் பிரிவு கூறியது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிரிவை நீக்கியது. அதன்பின், மறுசான்று இல்லாதவரை கணினி சரியாக இயங்கியதாகவே நீதிமன்றங்கள் கொண்டன. மறுசான்றாகக்கூடிய பதிவுகளோ ஃபுஜிட்சுவிடமும் அஞ்சலகத்திடமும் இருந்தன. வெஸ்ட் பைஃப்ளீட் கிளையின் சீமா மிஸ்ரா, கருவுற்றிருந்த நிலையில் 2010 இல் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஒன்றுசேர்தல்

2009 இல் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் ஏழு பேரின் அனுபவங்களை வெளியிட்டது. அதே ஆண்டு ஆலன் பேட்ஸ் பாதிக்கப்பட்டோரைத் திரட்டி அமைப்பு தொடங்கினார். 555 பேர் தொடுத்த வழக்கில், பிழைகளால் கணக்கில் பற்றாக்குறை தோன்றக்கூடும் என்றும், ஃபுஜிட்சு ஊழியர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கை மாற்ற முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்ப்பளித்தார். தொலைவிலிருந்து மாற்ற முடியாது என்றே அஞ்சலகம் பல்லாண்டுகள் சொல்லி வந்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. 2024 மே மாதச் சட்டம் மேலும் நூற்றுக்கணக்கானோரை விடுவித்தது.

கற்க வேண்டியது

மென்பொருள் வாங்கும் நிறுவனமும் விற்கும் நிறுவனமும் புகார்களைத் தனித்தனியாகத் தீர்த்து முடித்தால், பொதுவான பிழை கண்ணில் படாது. ஒரே புகார் எத்தனை ஊர்களிலிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பதும், அந்த எண்ணிக்கையைப் புகார் செய்தவர்களுக்குச் சொல்வதும் உதவி மையத்தின் முதற்கடமை. அது நடந்திருந்தால் காசல்டன் தாம் தனியாள் அல்லர் என்பதை 2004 இலேயே அறிந்திருப்பார்.