செரியாகுமுங்களா?

சத்தியமங்கலத்தில் எங்க வீதி அண்ணன் ஒருத்தருக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தபோது முதலில் பண்ணாரிக்குத்தான் கூட்டிப்போனார்கள். பிறகு கோவை. டாக்டர் ‘மனச்சிதைவு’ என்றதும் அவங்கம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “செரியாகுமுங்களா?”

இந்த நோயை வகைப்படுத்திய வரலாறே அந்தக் கேள்விதான். 1899-இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், நோய் எங்கே போய் முடிகிறது என்பதை வைத்து மனநோய்களைப் பிரித்தார். விட்டுவிட்டு வந்து தெளிவது ஒரு வகை. இளமையில் தொடங்கி அறிவு மங்கி முடிவது இன்னொரு வகை. பெயரிலேயே தீர்ப்பும் இருந்தது. எல்லோரும் அப்படி மங்கிப்போவதில்லை என்று கண்ட சுவிஸ் மருத்துவர் பிளாய்லர், 1908-இல் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்ற பெயரை முன்வைத்தார்.

இன்றும் இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறியும் காலமும்தான் அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டுக்கு ஒரு மாதம் போதும். அமெரிக்கக் கையேடு 1980-இலிருந்து ஆறு மாதம் கேட்கிறது. இரண்டே மாதத்தில் தெளிந்தவருக்கு, எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறிவிடும். கோட் எழுதுகிறவனுக்கு இது புரியும்: கண்டிஷனை மாத்தினா அவுட்புட் மாறும்.

சென்னையில் 1981-இல், புதிதாக நோய் கண்ட 90 பேரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். பத்தாண்டு கழித்து மனநல மருத்துவர் ஆர். தாராவின் குழு பார்த்தபோது பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலர்தான்.

ஜப்பான் 2002-இல் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பழைய பெயரையே கைவிட்டது. நாம் இன்னும் ‘சிதைவு’ என்கிறோம். சிதைந்தது திரும்பச் சேருமா என்றுதான் அந்தம்மா கேட்டிருக்கிறார். சென்னையின் பதில்: பலருக்குச் சேருமுங்க.