நெசவு நகரின் பந்தாட்டக் கழகம்

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் மாகாணத்தில் பிளாக்பர்ன் என்று ஒரு நகரம் உண்டு. அதை அடுத்துள்ள டார்வென் நகரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மக்கள் தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சமே. அவ்வூரையும் நம் நாட்டையும் இரு கயிறுகள் பிணைத்திருக்கின்றன. ஒன்று பருத்தி நூலாலானது. மற்றொன்று கால்பந்தாட்டத்தைச் சேர்ந்தது. இன்று நாம் பேசப் புகுவது இரண்டாவதைப் பற்றியே. ஆயினும் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் கதை பாதியாகவே நிற்கும்.

நூற்கும் யந்திரங்களுள் முன்னோடியான 'ஜென்னி'யை ஆக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் பிளாக்பர்ன் வட்டாரத்து நெசவாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரம் ஆலைப் புகைபோக்கிகளின் காடாகவே மாறியது. அங்கே பெருமளவில் நெய்யப்பட்டது என்ன தெரியுமா? நாம் உடுத்தும் வேட்டி! வெள்ளைக்காரத் தொழிலாளி தன் வாழ்நாளில் ஒருமுறையும் கட்டியறியாத அத்துணியை மைல் கணக்கில் நெய்து, வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். நம் நாட்டுத் தறிகள் ஓய்ந்ததற்கும் அந்நாட்டுத் தறிகள் ஓடியதற்கும் இருந்த தொடர்பை நேயர்கள் அறிவார்கள். முதல் உலக யுத்தத்திற்குப் பிறகு சக்கரம் திரும்பிற்று. இந்திய ஆலைகள் பெருகின. ஜப்பானியப் போட்டி முளைத்தது. அந்நியத் துணி பகிஷ்காரமும் சேர்ந்துகொண்டது. பிளாக்பர்னில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. 1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்த காந்தியடிகள், அத்தொழிலாளிகளின் துயரை நேரில் காண விரும்பி டார்வெனுக்குச் சென்றார். வேலையிழந்தவர்கள் அவரை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் புகைப்படம் இன்றும் பிரசித்தம்.

அந்த ஆலைகளின் நிழலில்தான் கால்பந்தாட்டம் வளர்ந்தது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு ஆலைவேலையை முடிக்கச் செய்தது. கையில் அரைநாள் ஓய்வு. ஊரில் ஒரு மைதானம். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் என்ற வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. 'பிளாக்பர்ன் ரோவர்ஸ்' கழகம் 1875 நவம்பரில் தோன்றியது. அதைத் தொடங்கியவர்கள் உயர்தரப் பள்ளிகளில் பயின்ற இளைஞர்கள். ஆனால் அதைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டவர்கள் தறிக்காரர்கள். அதே ஊரில் இருந்த 'பிளாக்பர்ன் ஒலிம்பிக்' என்ற மற்றொரு கழகம், ஆலைத் தொழிலாளிகளும் கைவினைஞர்களும் கூடிய அணியைக் கொண்டு 1883இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. எதிரணி, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். அதுவரை கனவான்களின் கைகளில் மட்டுமே இருந்த கோப்பை, முதன்முறையாக உழைப்பாளிகளின் கைக்கு வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளும், 1884, 1885, 1886ஆம் ஆண்டுகளில், ரோவர்ஸ் அதை வென்றது. ஒலிம்பிக்கோ ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாமல் 1889இல் மறைந்தே போயிற்று. கோப்பை வென்ற ஆறே ஆண்டுகளில்! பணமில்லாத கழகத்துக்குப் புகழ் மட்டும் சோறு போடாது என்பதை அவ்வூர் அன்றே கண்டுகொண்டது.

1888இல் லீக் பந்தயம் தொடங்கியபோது அதன் பன்னிரண்டு ஸ்தாபகக் கழகங்களுள் ரோவர்ஸும் ஒன்று. லீகின் ஒரு விதியை இங்கே விளக்கிவிட வேண்டும். இங்கிலாந்தில் கழகங்கள் படிப்படியான வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பருவத்தின் முடிவில் கடைசியில் நிற்பவை கீழ் வகுப்புக்கு இறங்க வேண்டும். கீழே முந்தி நிற்பவை மேலேறும். இறங்கினால் வருமானமும் இறங்கும். நல்ல ஆட்டக்காரர்கள் விலகுவார்கள். ஊரே துக்கம் காக்கும். நம் நாட்டில் 2014இல் பிறந்த இந்தியன் சூப்பர் லீக் இந்த இறக்கம் இல்லாமலே தொடங்கப்பட்டது. ஆகவே, 'இறங்கிவிட்டோம்' என்ற சொல் ஆங்கிலேயன் நெஞ்சில் எவ்வாறு தைக்கும் என்பது நமக்கு எளிதில் விளங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை நாம் விரைந்து கடந்துவிடலாம். 1912, 1914 ஆண்டுகளில் லீக் வெற்றி, 1928இல் ஆறாவது முறையாக எஃப்.ஏ. கோப்பை, பிறகு ஆலைகளோடு கழகமும் மங்கியது. 1991இல் ஜாக் வாக்கர் என்ற உள்ளூர்க்காரர் கழகத்தின் ஆட்சியைக் கைக்கொண்டார். உருக்கு வாணிபத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். சிறுவயது முதல் ரோவர்ஸ் மீது பித்துக் கொண்டவர். கென்னி டால்கிலிஷ் மானேஜரானார். ஆலன் ஷியரர் பிரிட்டனிலேயே அதுகாறும் கொடுக்கப்படாத விலையில் வந்து சேர்ந்தார். 1995 மே மாதத்தில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் லிவர்பூலிடம் தோற்றும்கூட, மாஞ்செஸ்டர் யுனைட்டெடைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று ரோவர்ஸ் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. பணத்தால் வாங்கிய பட்டம் என்று பிறர் பழித்தார்கள். பழித்தவர்களின் கழகங்கள் காற்றை உண்டா வாழ்ந்தன என்று நாம் கேட்க மாட்டோம்.

வாக்கர் 2000ஆம் ஆண்டில் காலமானார். அவர் நிறுவிய தருமநிதி பத்தாண்டுகள் கழகத்தைப் பேணியது. ஆனால் பிரீமியர் லீகில் எண்ணெய் வள நாட்டாரும் ரஷ்யச் செல்வரும் புகுந்து ஆட்டக்காரர்களின் விலையை விண்ணுக்கு உயர்த்திவிட்ட காலம் அது. தருமநிதியால் ஈடுகொடுக்க முடியவில்லை, வாங்குவாரைத் தேடியது. 2010 நவம்பரில் வாங்குவோர் வந்தனர். வந்த இடம் புனே.

புனேயின் வெங்கடேசுவரா ஹாச்சரீஸ் குழுமம், 'வெங்கீஸ்' என்ற பெயரில் அறியப்படுவது, இந்தியக் கோழிப்பண்ணைத் தொழிலின் பெரும் நிறுவனங்களுள் ஒன்று. டாக்டர் பி.வி. ராவ் 1971இல் நிறுவியது. கோழி வளர்ப்பை வீட்டுக் கொல்லையிலிருந்து விடுவித்து முறையான தொழிலாக்கியவர்களுள் ராவ் முன்னணியில் நிற்பவர். பண்ணையாளர்கள் தம் முட்டைக்குத் தாமே விலை கூறும் நிலையை உண்டாக்க அவர் பாடுபட்டார். அவர் மறைவுக்குப் பின் மகள் அனுராதா தேசாயும், மகன்கள் வெங்கடேஷ் ராவும் பாலாஜி ராவும் நிறுவனத்தை நடத்தினர். 2 கோடியே 30 லட்சம் பவுனுக்குக் கழகம் அவர்கள் கைக்கு வந்தது. பிரீமியர் லீக் கழகமொன்றை இந்திய நிறுவனம் வாங்கியது அதுவே முதல் தடவை. ஒரு காலத்தில் நமக்கு வேட்டி நெய்து அனுப்பிய ஊரின் கழகத்துக்கு இந்தியர் உரிமையாளரானது நம்மவருக்குப் பெருமிதமாகவே இருந்திருக்கும். நாமும் செய்தியைப் படித்து மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 13ஆம் தேதி, மானேஜர் சாம் அல்லர்டைஸ் விலக்கப்பட்டார். அணி அப்போது இருபதில் பதின்மூன்றாம் இடத்தில், அபாயமின்றி இருந்தது. அவருக்குப் பதிலாக வந்த ஸ்டீவ் கீன் அதற்குமுன் தலைமைப் பொறுப்பு வகித்தவர் அல்லர். பிரேசில் நாட்டு ரொனால்டினோ வரப்போகிறார் என்ற பேச்சு எழுந்தது. அவர் தம் தாய்நாட்டுக் கழகத்துக்கே போய்விட்டார். ஆண்டுக்கணக்காகக் கழகத்தை நிர்வகித்த அனுபவசாலிகள் விலகினர். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் அமர்ந்து கோழி வறுவல் தின்பதாக ஒரு விளம்பரம் வெளிவந்தது. ஊர் சிரித்தது, பின்பு வருந்தியது. 2011 அக்டோபரில் அணியைப் புனேக்கு அழைத்துவந்து உள்ளூர்க் கழகத்தோடு ஆட வைத்தார்கள். அங்கு மாலையும் மரியாதையும். பிளாக்பர்னிலோ வாரந்தோறும் எதிர்ப்பு ஊர்வலம்.

2012 மே 7ஆம் தேதி, மழை நனைத்த மாலையில், சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகன் அணியிடம் ஒரு கோலால் தோற்று ரோவர்ஸ் கீழ் வகுப்புக்கு இறங்கியது. ஆட்டத்தின் நடுவே யாரோ ஒரு ரசிகர் கழகத்தின் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை மைதானத்தில் விட்டார். உலகமே பார்த்து நகைத்தது. அதைப் படித்த நமக்கு ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் கூச்சம். அந்த ரசிகரைக் குறைகூறவும் நமக்கு மனம் வரவில்லை; மனுப் போட்டும் முழக்கமிட்டும் கேளாத செவிக்கு வேறு என்னதான் செய்வது?

அதன்பின் நடந்தவை இன்னும் குழப்பமானவை. கீன் 2012 செப்டம்பரில் விலகினார். அடுத்து வந்த ஹென்னிங் பெர்க் நீடித்தது 57 நாட்கள். அவருக்கு அடுத்த மைக்கேல் ஆப்பிள்டன், 67 நாட்கள். பெர்க் வழக்குத் தொடுத்து 22½ லட்சம் பவுன் இழப்பீடு பெற்றார். நாளொன்றுக்கு என்ன விழுகிறது என்று கணக்கிட்டால், ஏறக்குறைய நாற்பதாயிரம் பவுன்! 2017 மே 7ஆம் தேதி, முதல் இறக்கம் நிகழ்ந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நாளில், கடைசி ஆட்டத்தில் வென்றும்கூட, கோல் வித்தியாசத்தால் ரோவர்ஸ் மூன்றாம் வகுப்புக்கு வீழ்ந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற கழகமொன்று அவ்வளவு கீழே போனது அதற்குமுன் இல்லை. டோனி மோப்ரே என்ற பொறுமைசாலி மானேஜரின் கீழ் மறு ஆண்டே இரண்டாம் வகுப்புக்கு மீண்டது. 2023இல் மேலேறும் போட்டிக்குத் தகுதி பெறும் வாய்ப்பு மீண்டும் கோல் வித்தியாசத்தால் நழுவியது.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்வது நேர்மை. புனே உரிமையாளர்கள் கழகத்தைக் கைவிட்டு ஓடவில்லை. ஆண்டுதோறும் நேர்ந்த நஷ்டத்தைத் தம் பணத்தால் ஈடுசெய்தே வந்தனர். பிளாக்பர்னுக்கு அண்மையிலேயே பரி என்ற ஊர் இருக்கிறது. 1885இல் பிறந்த அதன் கழகம் எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்றது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுனுக்குப் புது உரிமையாளர் கைக்கு மாறியது; 2019 ஆகஸ்டில் பணமின்மையால் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அந்த உரிமையாளர் உள்நாட்டவர்தாம். அதை நோக்கும்போது, தவறாமல் பணம் அனுப்பும் அந்நியன் எவ்வளவோ மேல். பணம் அனுப்புவதும் எளிதாக இருக்கவில்லை. அமலாக்கத் துறையின் விசாரணை ஒன்றை ஒட்டி, 2023 முதல் இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பத் தில்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டியதாயிற்று. லங்காஷயர்க் கழகத்துக்கான பணம் தில்லியில் நீதிபதியின் உத்தரவுக்குக் காத்திருந்தது! 2024 பிப்ரவரியில், பிளாக்பர்னிலேயே பிறந்து ஆறு வயது முதல் கழகத்தில் பயின்ற ஆடம் வார்ட்டன் என்ற இளைஞரைக் கிரிஸ்டல் பாலஸ் கழகத்துக்கு விற்றார்கள். அத்தொகை கழகத்துக்கு மூச்சு விட உதவியது. ரசிகர்களுக்கோ மூச்சே நின்றது போலாயிற்று.

தொலைவுதான் குற்றமா? நாம் அப்படி எண்ணவில்லை. போற்றப்படும் ஜாக் வாக்கரும் பிளாக்பர்னில் வசிக்கவில்லை. வரிக்கு அஞ்சி ஜெர்சி தீவில் குடியிருந்தவர். ஆயினும் அவர் ஆட்டத்துக்கு வருவார். வென்றால் எல்லோர் முன்னும் அழுவார். புனே உரிமையாளர்கள் பல பருவங்கள் ஈவுட் பார்க் பக்கமே தலைகாட்டவில்லை. ரசிகர்களுக்கு விளக்கம் சொல்லவும் முன்வரவில்லை. தொலைவிலுள்ள அதிகாரபீடம் நம்மிடம் எதுவும் கேளாமல் நமக்காக முடிவெடுப்பது எவ்வாறு இருக்கும் என்பதை அறிந்த தேசத்தார் நாம். அந்த உணர்வை லங்காஷயர்க்காரனுக்கு நம்மவர் கொடுத்தது சரித்திரத்தின் விசித்திரம்.

இன்னொன்றும் உண்டு. 1950, 1960களில் இரவுநேர ஆலைவேலைக்கு ஆள் இல்லாதபோது, குஜராத்தின் பரூச், சூரத் ஜில்லாக்களிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மக்கள் பிளாக்பர்னுக்குக் குடியேறினர். அவர்கள் சந்ததியாரையும் சேர்த்து, நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். ஆயினும் ஈவுட் பார்க்கின் 31,000 இருக்கைகளில் அவர்களை நெடுங்காலம் அதிகமாகக் காண முடியவில்லை. இந்திய உரிமையாளர் வந்ததாலும் அது உடனே மாறிவிடவில்லை. மாற்றத்தின் முதல் அடையாளம் வேறொரு வழியில் தோன்றியது. 2022 மே 2ஆம் தேதி, இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்களிலேயே முதன்முறையாக, ஈவுட் பார்க்கின் புல்தரையில் ஈத் பெருநாள் தொழுகை நடந்தது. ஆலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பந்து உருளும் அதே தரையில் விரிப்புகளை விரித்து வரிசை வரிசையாக நின்றனர்.

2025 நவம்பரில் கழகத்துக்கு 150 வயது நிறைந்தது. அதே மாதத்தில் புனே உரிமையாளர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்தன.