திண்டுக்கல் பூட்டும் சிவகாசி லேபிளும்

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் சொல்வது இரண்டு. ஒன்று பூட்டு, இன்னொன்று பிரியாணி. இரண்டுமே சிறு தொழிலாக ஆரம்பித்தவைதான். பூட்டு கொல்லர் பட்டறையில் பிறந்தது. பிரியாணி ஒரு சாதாரண ஹோட்டலில் பிறந்தது. இன்று பிரியாணி சென்னையைத் தாண்டி வெளிநாடு வரை போய்விட்டது. பூட்டோ சொந்த ஊரிலேயே சுருங்கிப் போய் நிற்கிறது.

பூட்டின் தரம் குறைந்துவிட்டதா? அப்படி யாரும் சொல்வதில்லை. அலிகாரில் மெஷினில் செய்த மலிவான பூட்டுகள் வந்து இறங்கியது பெரிய காரணம். ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு துண்டுக் காகிதம், அதாவது லேபிள்! இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இலை ஒரு ஊர், பெயர் ஒரு ஊர்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் புகையிலை விளைச்சல் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'ட்ரிச்சினாப்பள்ளி சுருட்டு' என்றால் தெரியாதவர் குறைவு. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது ட்ரிச்சினாப்பள்ளி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார்.

அந்தச் சுருட்டுக்குப் போன புகையிலையில் திண்டுக்கல் பகுதி இலைக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆனாலும் உலகம் நினைவில் வைத்துக்கொண்ட பெயர் திருச்சியின் பெயர்தான். வாங்குபவருக்கு நிலம் தெரியாது, விவசாயியைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சரக்கோடு சேர்ந்து வந்த பெயர் மட்டுமே. திண்டுக்கல் தன் பெயரைக் கோட்டை விட்ட முதல் கதை என்று இதைச் சொல்லலாம்.

படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற விளம்பரம்

பெயரைச் சரக்கோடு சேர்த்து அனுப்ப மலிவான வண்ண அச்சு வேண்டும். அதைச் சாத்தியமாக்கியது லித்தோகிராபி என்ற கல் அச்சு. ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் 1796 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார். தத்துவம் ரொம்ப எளிது. எண்ணெயும் தண்ணீரும் சேராது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைந்து, கல்லைத் தண்ணீரால் நனைத்து, அதன்மேல் அச்சு மையை உருட்டினால் படம் உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒருமுறை கல் தயாராகிவிட்டால் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம்.

இந்த அச்சை இந்திய வியாபாரத்துக்கு முதலில் நன்றாகப் பயன்படுத்தியவர்களில் மான்செஸ்டர் துணி வியாபாரிகளும் உண்டு. இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளில் சாமி படம், யானை, புலி என்று பளிச்சென்ற வண்ணப் படங்களை ஒட்டி அனுப்பினார்கள். வாங்குபவர் படத்தைச் சொல்லியே துணியைக் கேட்கட்டும் என்பதுதான் கணக்கு. 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வண்ணப் படங்கள் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தன.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 18 பேர்தான். அப்படிப்பட்ட சந்தையில் எழுத்தைவிடப் படம் பேசியதில் ஆச்சரியம் இல்லை.

காக்காவும் அணிலும்

இந்தப் பாடத்தை நம் பக்கத்தில் முழுதாகப் படித்த ஊர் சிவகாசி. திண்டுக்கல்லில் இருந்து மதுரை வழியாகப் போனால் சில மணி நேரப் பயணம். வானம் பார்த்த பூமி, விவசாயத்தை நம்ப முடியாத ஊர். அங்கிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1923இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள்.

அதே 1923இல்தான் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி கம்பெனி 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவில் கால் வைத்தது. ஒரு பக்கம் உலகத்தையே ஆண்ட மெஷின் கம்பெனி. இன்னொரு பக்கம் கையால் குச்சி அடுக்கும் சிவகாசி. குச்சி எரிந்தால் எல்லாத் தீப்பெட்டியும் ஒன்றுதான். பிறகு எதை வைத்து வாடிக்கையாளரைப் பிடிப்பது?

லேபிளை வைத்து! கூட்டாளிகள் இருவரும் பின்னர் தனித்தனியே தொழில் செய்தபோது அய்ய நாடாருக்கு அணில், சண்முக நாடாருக்குக் காக்கா என்று ஆளுக்கொரு படம் அடையாளமாக அமைந்தது. இரண்டுமே தினமும் வீட்டு வாசலில் பார்க்கிற உயிர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பாட்டியும் "காக்காப் பெட்டி ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு வாங்க முடியும். சின்னப் பிள்ளைகள் காலித் தீப்பெட்டியின் படத்தைக் கிழித்துச் சேர்த்து விளையாடினார்கள். செலவில்லாத விளம்பரம் என்றால் இதுதான்.

லேபிளுக்கு வெளியூரை நம்பியிருக்க முடியாது என்பதால் சிவகாசியிலேயே அச்சகங்கள் வந்தன. தீப்பெட்டிக்காக வந்த அச்சு பட்டாசுக்கும், பிறகு காலண்டருக்கும், டைரிக்கும் என்று வளர்ந்து தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. காலண்டர் படங்களுக்குப் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் இருந்தார்கள். அவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் தமிழ்நாட்டில் நுழையாத வீடு இல்லை என்றால் மிகையாகாது.

காலண்டரில் உள்ள வியாபார நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாமி படத்தை மொத்தமாகப் பல வண்ணத்தில் அடித்து, கீழே கொஞ்சம் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஆர்டர் வந்த பிறகு அந்த இடத்தில் கடையின் பெயரை மட்டும் அச்சடிப்பார்கள். வண்ண அச்சின் பெரிய செலவு பல கடைகளுக்குப் பங்காகிவிடும். அதனால்தான் நூறு காலண்டர் கேட்கிற மளிகைக் கடைக்காரரும் ஆடிப்பெருக்கு சமயத்தில் வெளியாகும் ஆல்பத்தைப் புரட்டித் தனக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. நோட்டீஸ் ஒரு நிமிடத்தில் குப்பைக்குப் போகும். காலண்டரை ஒரு வருடம் முழுவதும் யாரும் கழற்றுவதில்லை.

பெயர் இருந்தது, சொந்தக்காரர் இல்லை

இப்போது பூட்டுக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படுவது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று பல வகை உண்டு. நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற இடங்களில் குடும்பம் குடும்பமாகச் செய்தார்கள். உள்ளே இருக்கும் லீவர்களை அரத்தால் ராவி, சாவிக்குப் பொருத்தமாக அமைப்பது தேர்ந்த கை வேலை.

ஆனால் வாங்குபவர் கேட்டது 'திண்டுக்கல் பூட்டு' மட்டுமே. செய்த கொல்லரின் பெயரையோ ஒரு படத்தையோ சொல்லிக் கேட்கவில்லை. வணிகவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும், ஆங்கிலத்தில் குட்வில். கட்டடம், மெஷின் போல அதையும் கணக்கில் மதிப்பிடுவார்கள். அணில் படத்தின் நற்பெயர் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தம். திண்டுக்கல் பூட்டின் நற்பெயர் எல்லோருக்கும் சொந்தம், அதனால் காப்பாற்றுவார் யாரும் இல்லை. வெளியிலிருந்து வந்த பூட்டைத் 'திண்டுக்கல் பூட்டு' என்று சொல்லி விற்றாலும், வாங்குபவர் வித்தியாசம் கண்டுபிடிக்க எந்த அடையாளமும் இல்லை.

ஊரின் பெயரைக் காப்பாற்ற புவிசார் குறியீடு சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது 2019 ஆகஸ்டில். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே மாதம்தான் கிடைத்தது. அதற்குள் பல பட்டறைகள் மூடிவிட்டன, அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது.

தலைப்பாகை செய்த வேலை

அதே ஊரில் 1957இல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்' தொடங்கினார். ஆனந்த விலாஸ் என்ற பெயர் எந்த ஊரிலும் இருக்கலாம். ஆனால் அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் ஜனங்கள் கடையைத் 'தலப்பாகட்டி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஜனங்கள் வைத்த அந்தப் பெயரையே குடும்பத்தார் போர்டிலும் அச்சிலும் ஏற்றிக்கொண்டார்கள். அதே போன்ற பெயரில் வேறு கடைகள் முளைத்தபோது விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பூட்டுக்காக அப்படிப் போய் நிற்க ஒரு தனி ஆள் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சிறு கடைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

1. ஒரு படம் போதும். அது வாயால் சொல்லிக் கேட்கக் கூடியதாக இருக்க வேண்டும். காக்கா, அணில், தலைப்பாகை எல்லாமே ஒரே வார்த்தை.

2. ஜனங்கள் கடையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு போர்டு எழுத வேண்டும்.

3. போர்டு, பில் புக், விசிட்டிங் கார்டு, பை எல்லாவற்றிலும் அதே படம், அதே நிறம் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு டிசைன் மாற்றினால் வருடா வருடம் புதுக் கடைதான்.

4. வீட்டில் தங்குகிற பொருளில் அச்சடிக்க வேண்டும். ஜவுளிக்கடை மஞ்சள் பை நல்ல உதாரணம். பெயர் அச்சிட்ட அந்தத் துணிப்பை பல வருடம் மார்க்கெட்டுக்குப் போய் வரும். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது 2019இல். 2021இல் தமிழக அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது.

5. பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் கடை பிரபலமாவதற்கு முன்பே.

லேபிள் நன்றாக இருந்தால் மட்டும் சரக்கு விற்காது, உண்மைதான். எரியாத குச்சியைக் காக்கா படம் காப்பாற்றியிருக்காது. ஆனால் நல்ல சரக்கைச் செய்துவிட்டு அதில் பெயர் போடாமல் விட்டால், லாபம் வேறு யாருக்கோ போகும். ஊரார் வீட்டையெல்லாம் பத்திரமாகப் பூட்டிக் கொடுத்த திண்டுக்கல், தன் பெயரைப் பூட்டி வைக்க மறந்துவிட்டது.